ஆறடித் தூரத்தில் நிலா

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இசக்கி முதலில் அம்மாவுடன் பேசுவாள். பேசுவது என்றால் உடன்குடியில் பேசுவது போல அல்ல. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு, அரை. அதற்குப் பிறகுதான் கேள்வி போய்ச் சேர்ந்த அடையாளம் அம்மாவின் முகத்தில் தெரியும். "ரசமும் அப்பளமும்ட்டி. நீ?" என்று பதில் வரும்.

வெண்குழியில் இருந்த இருநூற்றுப் பத்துப் பேரும் இப்படித்தான் ஊரோடு பேசினார்கள். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் பொறுக்க மாட்டாமல் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். ஒரே கதவில் இருவர் நுழைவது போலப் பேச்சு முட்டிக்கொள்ளும். பிறகு பழகிவிடும். சிலருக்கு அந்தப் பழக்கம் முற்றிப்போய், எதிரில் உட்கார்ந்து சாப்பிடுபவரிடம் "உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக்கூட விரலை மடக்குவார்கள். புத்தகத்தில் அதற்கு 'ஒளித்தாமதம்' என்று பெயர். குடியிருப்பில் யாரும் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'ரெண்டரை' என்பார்கள். நிலாவிலிருந்து ஒரு சொல் பூமிக்குப் போய், அதற்கான பதில் திரும்பி வர ஆகும் நொடிகள்.

நிலாவின் தென்முனையில், வெயிலே படாத ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில் கட்டப்பட்டிருந்தது வெண்குழி. பள்ளத்தின் அடியில் உறைந்து கிடந்த பனிக்கட்டியை வெட்டியெடுக்கும் இயந்திரங்களில் ஒன்றை இசக்கி ஓட்டினாள். வயது முப்பத்தொன்று. ஒப்பந்தம் நான்கு ஆண்டு. நடுவில் ஊருக்குப் போய்வரும் வழக்கம் கிடையாது. குறைந்த ஈர்ப்பில் இளகிப்போன எலும்பு அடிக்கடி ஏறி இறங்கத் தாங்காது என்று மருத்துவர்கள் விதி வைத்திருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிந்திருந்தது.

அன்று அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து தங்கை சந்தனமாரி எட்டிப் பார்த்தாள். உடன்குடியில் அவள் மாட்டு டாக்டர். கையில் இன்னும் ரப்பர் உறை இருந்தது.

"யக்கா, கல்யாணம் முடிவாயிட்டு. திசையன்விளைக்காரரு. பேரு அருள்வேல். பத்து மாசம் கழிச்சு, தை கடைசி முகூர்த்தம்."

இசக்கி ஓவென்று கத்தினாள். அந்தக் கத்தல் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மாரி அடுத்ததையும் சொல்லிவிட்டாள். "நீ வர முடியாது. எனக்குத் தெரியும். அதனால நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். வரவேற்புக்கு நீதான் பாட்டு போடுத. டிஜே."

"எனக்கு ரேடியோவ அமத்தத்தான் தெரியும்ட்டி. மெஷின் போடாதா?"

ஒன்று, இரண்டு, அரை.

"மெஷின் போடுத பாட்டுக்கு ஆடுததுக்கு நான் எதுக்குக் கல்யாணம் பண்ணணும்? நீ அங்கன இருந்துக்கிட்டு எங்களை ஆட வைக்கணும். பத்து மாசம் இருக்குல்லா. படி."

மாரி சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். கேட்பது போல உத்தரவு போடுவாள்.

வெண்குழியில் எல்லோரும் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தாக வேண்டும். அங்கே 'தானிசை' என்ற இயந்திரம் எல்லோருடைய கைப்பட்டையிலிருந்தும் நாடித்துடிப்பை வாங்கி அதற்கேற்ப ஏதோ ஓர் இசையை வழியவிட்டுக்கொண்டே இருக்கும். யாரும் அதைக் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் ஓடுவது போல அது ஓடும். அந்தக் கூடத்து அலமாரியில், முந்தைய ஒப்பந்தத்தில் வந்துபோன ஒரு மெக்கானிக் விட்டுச்சென்ற ஒலிமேசை தூசி படிந்து கிடந்தது. இரண்டு சக்கரம், நடுவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் நான்கைந்து ஃபேடர், ஒரு ஹெட்போன். இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே ஒன்றாக்கித் தரும் 'சீராக்கி'ப் பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அந்த மெக்கானிக் அதைப் பிடுங்கி எறிந்திருந்தான். ஏன் என்று இசக்கிக்கு அப்போது புரியவில்லை.

மேசையை அறைக்கு எடுத்துப்போய், முதல் மாதம் முழுக்க அவள் ஒரே ஒரு வேலையைத்தான் செய்தாள். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றைக் காதுக்குள் மட்டும் ஓடவிட்டு, இரண்டின் அடியும் ஒன்றாக விழ வைக்க வேண்டும். விழாது. பிய்ந்த செருப்போடு ஒருவன் படியேறுவது போல 'தப்தப்' என்று இரட்டையாகக் கேட்கும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று கண்டுபிடித்து, சக்கரத்தின் விளிம்பை விரல்நுனியால் தள்ளவோ இழுக்கவோ வேண்டும். அவள் தள்ள வேண்டிய இடத்தில் இழுப்பாள். முதன்முதலாகக் கூடத்தில் எல்லோரும் கேட்கப் போட்ட அன்று, ஓட்டப் பலகையில் ஓடிக்கொண்டிருந்த டாக்டர் இறங்கி வந்து, "காற்றுச் சுத்திகரிப்பான்ல ஏதாவது கழண்டுக்கிச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

பக்கத்து அறை நூர்ஜகானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு நாகூர். தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை. சுவர் மெல்லியது.

"ஏன் புள்ள, ஒரே பாட்டோட முதல் ரெண்டு வரியை நூறு தடவை கேட்டாச்சு. மூணாவது வரி என்னதான்னு எனக்கும் தெரியணும்ல?"

"இன்னும் ரெண்டாவது வரியே சரியா வரல நூரு."

"அப்ப நான் இங்க வந்து உக்காந்து கேக்குறேன். சுவர் வழியா கேட்டா இன்னும் கேவலமா இருக்கு."

அப்படி வந்து உட்கார்ந்தவள் பிறகு எழுந்து போகவே இல்லை.

ஒரு நாள், நாற்பதாவது நாளோ என்னவோ, இரட்டைச் சத்தம் சட்டென்று ஒற்றையானது. இரண்டு பாட்டு ஒரே காலால் நடந்தன. எட்டு நொடி. பிறகு மறுபடி பிரிந்தன. அந்த எட்டு நொடிக்கு இசக்கி குதித்தாள். நிலாவில் குதித்தால் இறங்க நேரமாகும். இறங்குவதற்குள் பாட்டு கெட்டுப்போயிருந்தது. "திரும்ப" என்றாள் நூர்ஜகான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பாட்டுக்கும் பத்தி உண்டு, பத்தியின் நடுவில் புகுந்தால் பேசுகிறவரின் வாயைப் பொத்துவது போல இருக்கும் என்று மூன்றாம் மாதம் தெரிந்தது. இரண்டு பாட்டின் கனத்த கீழ்த்தொனியும் ஒரே நாற்காலியில் உட்கார முடியாது, ஒன்று எழுந்தால்தான் மற்றது உட்காரலாம் என்று நான்காம் மாதம். ஐந்தாம் மாதத்தில் அவள் மேசையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கினாள். தோள் அசைந்தால் போதும், கால் தானாக வரும். கால் வந்தபின் பாட்டை மாற்றக் கூடாது. தானிசையை நிறுத்திவிட்டு 'இசக்கி வேளை' என்று தினம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினார்கள் குடியிருப்பினர். எடை தூக்க வந்தவர்கள் எடையை மறந்தார்கள். டாக்டரே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மிதந்தார்.

ஆறாம் மாதம் ஊரில் ஒரு பரிசோதனை வைத்தார்கள். பெரியப்பா மகனின் புது வீட்டுப் பால்காய்ப்பு. உடன்குடியில் ஒலி-ஒளி அமைப்பு வைத்திருந்த சாம்சன் ஸ்பீக்கர் கட்டிக் கேமராவும் வைத்தார். நாற்பத்தைந்து வயது, கறுத்த தடித்த ஆள், யாரிடமும் சிரிக்காதவர் என்று பெயர். சொந்தக்காரர்கள் அறுபது பேர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிலாவிலிருந்து வரப்போகும் பாட்டுக்காக வாயைத் திறந்து காத்திருந்தார்கள்.

இசக்கி, வெண்குழியில் எல்லோரையும் மிதக்கவைத்த பாட்டில் தொடங்கினாள். நிலாவில் ஒரு குதி முடிய நேரமாகும் என்பதால் அங்கே மெதுவான பாட்டுத்தான் எடுபடும். உடன்குடி முற்றத்தில் அது தாலாட்டாக இருந்தது. ஒரு சித்தப்பா கண்ணை மூடிவிட்டார். அதைப் பார்த்துப் பதறி வேகமான பாட்டுக்குத் தாவினாள். திரையில் எல்லோரும் இன்னும் உட்கார்ந்தே இருந்தார்கள். இதுவும் பிடிக்கவில்லை போல என்று அடுத்ததற்குத் தாவினாள். தாவிய பிறகுதான் முந்தைய பாட்டுக்கு அவர்கள் எழுந்துகொண்டது திரையில் தெரிந்தது. ஐயோ என்று பழையதற்கே திரும்பினாள். அதற்குள் புதியதற்கு ஆடத் தொடங்கியிருந்த பெண்கள் குழம்பி நின்றார்கள். ரெண்டரை நொடி பழசான கூட்டத்தை அவள் துரத்த, கூட்டம் அவளைத் துரத்த, கடைசியில் பெரியப்பா எழுந்து, "ஏ, பாட்டை அமத்துங்கப்பா, பந்தி போடலாம்" என்றார்.

அன்று அப்பா பேசினார். "பரவால்ல விடும்மா. கல்யாணத்துக்குச் சாம்சனே போடட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரவ முன்னால நீ சங்கடப்பட வேண்டாம்."

இசக்கி மாரியைப் பார்த்தாள். ரெண்டரை கழிந்தும் மாரி எதுவும் சொல்லவில்லை. அது தூரத்தின் அமைதி அல்ல. இசக்கி இரண்டு நாள் ஒலிமேசையைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் சாம்சனே அழைத்தார்.

"இசக்கி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியளே?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் இருவது வருசமா சனத்துக்குப் பாட்டு போடுதேன். உங்க கை நல்ல கை. ரெண்டு பாட்டு சேருத இடத்துல எனக்கே தையல் தெரியல. ஆனா நீங்க சனத்தப் பாத்துப் பாத்து மாத்துதிய. நீங்க பாக்குத சனம் அங்கன இல்ல. அது எந்திரிச்சுப் போயி ரெண்டரை ஆச்சு."

"அப்ப பாக்காமப் போடச் சொல்லுதியளா?"

"பாருங்க. ஆனா பயந்து மாத்தாதிய. ஒரு பாட்டைப் போட்டா ஒரு சரணம் முழுசா நம்புங்க. எந்திரிப்பாவன்னு நம்பிப் போடுங்க, எந்திரிப்பாவ."

சொன்னதோடு அவர் விடவில்லை. அவருடைய கிடங்குக்கு அடுத்த கட்டடத்தில் கருப்பட்டி பொட்டலம் போடும் கூடம். நாலு மணிக்குத் தேநீர் வேளையில் இருபது பெண்கள் வெளியே வருவார்கள். கிடங்கின் கதவைத் திறந்து ஸ்பீக்கரும் கேமராவும் வைத்துவிட்டால் பழகுவதற்கு உயிருள்ள கூட்டம் கிடைக்கும். "நம்ம பொம்பளையள் மொகத்துக்கு நேரா சொல்லிருவாவ" என்றார். சொன்னார்கள். முதல் நாள் பாட்டின் நடுவில் ஒருத்தி கேமராவுக்கு முன்னால் வந்து, "எம்மா நிலா, இது எழவு வீட்டுப் பாட்டால்லா இருக்கு" என்றாள். அவள் பெயர் பாக்கியம். எப்போதும் சிவப்புச் சேலை. அவள் கைதட்டினால் கிடங்கின் தகரக் கூரை அதிரும்.

இசக்கி மாற்றவில்லை. ஒரு சரணம் நம்பினாள். இரண்டாம் சரணத்தில் பாக்கியத்தின் தோள் அசைந்தது.

நம்பிப் போடும் வித்தை மெல்ல வந்தது. ஆனாலும் ஒரு தொல்லை தீரவில்லை. ஊரிலிருந்து திரும்பி வரும் கைதட்டல் அவளுடைய பாட்டின் அடிகளுக்கு நடுவில் எங்கெங்கோ விழுந்து அவளைக் குழப்பியது. அந்த ஒலியை மூடிவிட்டால் கூட்டமே இல்லாதது போல இருந்தது. திறந்தால் தாளம் தவறியது. ஒரு வியாழக்கிழமை வேகமான ஆறடித் தாளத்தில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அந்த ஒலியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைதட்டல் சரியாக அவளுடைய அடிமேலேயே விழுந்தது. பாட்டுக்குள்ளேயே கைதட்டல் பதிவாகியிருக்கிறதோ என்று முதலில் நினைத்தாள். இல்லை. அது பாக்கியத்தின் கை. அந்தத் தகர அதிர்வு வேறு எதிலும் வராது.

"நூரு! இங்க வா! இங்க வாயேன்!"

நூர்ஜகான் வந்து கேட்டாள். தன் பலகையில் எண்களைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். பிறகு மெதுவாகச் சிரித்தாள்.

"இன்னிக்கு ரெண்டரை எவ்வளவு தெரியுமா? சரியா ரெண்டு புள்ளி அஞ்சு ஆறு நொடி. உன் பாட்டு நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது அடி. கணக்குப் போட்டுப் பாரு. நீ ஆறு அடி போடுறதுக்குள்ள பாட்டு ஊருக்குப் போயி, அவுங்க தட்டி, அந்தத் தட்டு இங்க திரும்பி வந்துருது. உன் பாட்டும் ஆறடிச் சுத்து. அதனால அவுங்களோட போன சுத்து உன்னோட இந்தச் சுத்துல வந்து உக்காந்துக்குது."

உடன்குடிக்கும் வெண்குழிக்கும் இடையே எத்தனை லட்சம் கிலோமீட்டர் என்று இசக்கிக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து மனப்பாடம். அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடிந்ததில்லை. "அப்ப நிலா ஆறடி தூரத்துலதான் இருக்கு" என்றாள்.

"இன்னிக்கு. நாளைக்குக் கொஞ்சம் மாறும். நிலா கிட்ட வந்தா ரெண்டரை குறையும், நீ வேகமாப் போடணும். தள்ளிப் போனா மெதுவா." அன்று மாலையே நூர்ஜகான் ஓர் அட்டவணை போட்டாள். ஒவ்வொரு நாளும் நிலா எவ்வளவு தூரம், அன்று எந்த வேகத்தில் போட்டால் இரண்டு உலகமும் ஒரே தாளத்தில் நிற்கும் என்று. தை மாதக் கடைசி முகூர்த்தத்துக்கு வந்தபோது அவள் விரல் நின்றது. "உன் தங்கச்சிக்கு நாள் குறிச்ச ஜோசியர் யாரு புள்ள? அன்னிக்கு நிலா ரொம்பக் கிட்ட வருது. நூத்தைம்பது! ஆடியே செத்துருவாங்க."

இசக்கி உடனே ஊரை அழைத்தாள். "மாரி, நான்தான் போடுவேன். அப்பாகிட்டச் சொல்லிரு."

பதில் வர ஆன ரெண்டரை அவளுக்கு நீளமாகத் தெரிந்தது.

"நான் அப்பாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்க்கா. நீ எப்பச் சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கல்யாணம் காலையில் முடிந்தது. வரவேற்பு சாயங்காலம் ஐந்து மணிக்கு, உடன்குடி மண்டபத்துக்குப் பின்னால் இருந்த திறந்த மைதானத்தில். பனைகளுக்கு மேலே பகல் வெளிச்சத்திலேயே நிலா வெளுப்பாக ஏறியிருந்தது. திசையன்விளையிலிருந்து மூன்று பேருந்து. கருப்பட்டிக் கூடத்துப் பெண்களை மாரி தனியாக அழைத்திருந்தாள். வெண்குழியில் கூடம் நிறைய நாற்பது பேர், அவரவரிடம் இருந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் வேட்டி கட்டியிருந்தார். குறைந்த ஈர்ப்பில் வேட்டி கட்டுவது துணிச்சலான காரியம்.

இசக்கி ஹெட்போனை மாட்டினாள். நிமிடத்துக்கு நூற்றைம்பது. முதல் பாட்டைப் போட்டாள். திரையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையை மேசையிலிருந்து எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு சரணம். மாப்பிள்ளை அருள்வேல் வெட்கப்பட்டுக்கொண்டே தோளை அசைத்தார். பாக்கியம் எழுந்தாள். பிறகு திரையில் நாற்காலியே தெரியவில்லை.

பூமியில் ஒவ்வோர் அடிக்கும் குதித்தார்கள். அதே பாட்டுக்கு நிலாவில் இரண்டு அடிக்கு ஒரு குதி. அங்கே இரண்டு முறை கால் தரையைத் தொடும் நேரத்தில் இங்கே ஒரு முறை தொட்டது. முதன்முதலாக ஒரே பாட்டு இரு பக்கத்துக்கும் பொருந்தியது. திரும்பி வந்த கைதட்டலை அவள் முழுவதுமாகத் திறந்துவிட்டாள். உடன்குடியின் கையும் வெண்குழியின் காலும் ஒரே அடியில் விழுந்தன. வெண்குழிக்காரர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ தட்டுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

நாலாவது பாட்டின் உச்சத்தில் ஊரிலிருந்து வந்த ஒலி மெலிந்தது. ஸ்பீக்கர் ஓய்ந்துவிட்டது. கேமராவும் மைக்கும் மின்கலத்தில் ஓடியதால் படமும் கூட்டத்தின் சத்தமும் மட்டும் வந்தன. "கரண்டு போயிட்டு! ஜெனரேட்டர் போடுதேன், கொஞ்சம் பொறுங்க!" என்று கத்திக்கொண்டு சாம்சன் வேலியோரம் ஓடினார். கூட்டம் "ஓ..." என்று இறங்கியது. இசக்கியின் கை ஃபேடரை நோக்கிப் போனது. நிறுத்திவிட்டு, கரண்டு வந்ததும் முதலிலிருந்து தொடங்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அப்போது அந்தத் தட்டு கேட்டது. பாக்கியம் நிறுத்தவில்லை. பாட்டு இல்லாமலே தட்டிக்கொண்டிருந்தாள். இருபது பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு திசையன்விளை. பிறகு மைதானம் முழுக்க.

இசக்கி ஃபேடரைத் தொடவில்லை. பாட்டு பூமிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. கேட்பாரில்லாமல் செத்த ஸ்பீக்கரின் வாசலில் நின்றது, அவ்வளவுதான். ஆனால் உற்சாகத்தில் தட்டும் கூட்டம் ஒரே வேகத்தில் தட்டாது. கைதட்டல் மெல்ல முந்தத் தொடங்கியது. பிய்ந்த செருப்புச் சத்தம் மறுபடி கேட்டது. அவள் கண்ணை மூடிச் சக்கரத்தின் விளிம்பில் விரலை வைத்தாள். அவள் கேட்பது அவர்கள் போன நொடியில் இருந்த இடம். அவள் போடுவது போய்ச் சேரும்போது அவர்கள் இன்னும் முன்னால் போயிருப்பார்கள். பாக்கியத்தை நான்கு மாதமாகத் தெரியும். உற்சாகம் ஏறினால் எவ்வளவு முந்துவாள் என்று இசக்கியின் விரலுக்குத் தெரியும். அவர்கள் போகப்போகும் இடத்துக்குப் பாட்டைத் தள்ளினாள். நூற்றைம்பத்தொன்று. இன்னும் ஒரு மயிரிழை. அந்த இடத்தில் எந்தச் சீராக்கியும் உதவாது. இரண்டு பாட்டை ஒன்றாக்கத்தான் அதற்குத் தெரியும், வராத ஒரு கைதட்டலை அல்ல.

நாற்பது நொடி அப்படியே போனது. பிறகு எங்கோ ஒரு ஜெனரேட்டர் இருமியது. ஸ்பீக்கர் உயிர்பெற்றது. பாட்டு, தட்டிக்கொண்டிருந்த அத்தனை கைகளின் நடுவிலும் நேராக, ஓர் இழை பிசகாமல், வந்து இறங்கியது.

உடன்குடி மைதானத்தில் எழுந்த அந்தக் கத்தல் நிலாவுக்கு வந்து சேர்ந்தபோது ஹெட்போன் இசக்கியின் காதில் பிளிறியது. அவள் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே, கண்ணீரைத் துடைக்க நேரமில்லாமல் அடுத்த பாட்டைத் தேடினாள். திரையில் அப்பா மேல்துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சாம்சன் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தனியாக ஆடினார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சாம்சனிடமிருந்து செய்தி வந்திருந்தது. நாகர்கோவில் பக்கம் ஒரு தவில்காரர் குடும்பம். மகன் வெண்குழிக்கு அடுத்த குடியிருப்பில் வேலை பார்க்கிறான், தங்கை கல்யாணத்துக்கு இசக்கிதான் போட வேண்டுமாம். ஆனால் அன்று நிலா மிகத் தொலைவில் இருக்கிறது. ஆறடி வைத்தால் வேகம் குறைந்துவிடும். ஏழடித் தாளம் வைத்தால் சரியாக உட்காரும் என்று நூர்ஜகான் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். தவில்காரர் வீட்டுக்கு அது பொருத்தமும்கூட. இன்னும் இரண்டு குடும்பம் தேதி முடிவு பண்ணும் முன்பே, எந்த நாளில் நிலா கிட்ட வருகிறது என்று கேட்டு எழுதியிருந்தது. நாள் பார்த்துச் சொல்லும் ஜோசியர் ஒருவர், நூர்ஜகானின் அட்டவணையில் ஒரு பிரதி கிடைக்குமா என்று பணிவாக விசாரித்திருந்தார்.

இசக்கி ஒலிமேசைக்கு முன் உட்கார்ந்து ஏழு எண்ணிப் பார்த்தாள். ஐந்தாவதில் தடுமாறியது. மறுபடி எண்ணினாள். ஏழாவதற்கு வருவதற்குள் பாட்டு அடுத்த சுற்றின் முதல் அடிக்குப் போய்விட்டது. நூர்ஜகான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இன்னும் ஒரு மாசத்துக்கு நான் வேற அறைக்குப் போயிரட்டுமா?" என்றாள்.

அப்போதுதான் மாரியின் அழைப்பு வந்தது. கழுத்தில் புதுத்தாலி, மஞ்சள் இன்னும் காயவில்லை. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

"யக்கா, நேத்து ஒரு கூத்து. அவுக பெரியத்தை ஒருத்தி இருக்கா, காது கொஞ்சம் மந்தம். நிலாவுல இருந்து போடுதான்னு யாரோ சொன்னது அவ காதுல விழல போல. எல்லாரும் பந்திக்குப் போனதும் இவ மட்டும் ஒரு தட்டுல லட்டு, வடை, பொங்கல் எல்லாம் எடுத்து வச்சிக்கிட்டு மேடைக்குப் பின்னால போயித் தேடிருக்கா. பந்தலைத் தூக்கிப் பாத்துருக்கா. ஜெனரேட்டர் பக்கம் போயிப் பாத்துருக்கா. என்னத்தை தேடுதியன்னு கேட்டா, 'அந்தப் பாட்டு போடுத பிள்ளை எங்கட்டி? வந்ததுலருந்து ஒரு வாய் சாப்பிடலியே'ங்கா."

இசக்கி பாட்டை நிறுத்திவிட்டுத் திரைக்கு அருகே வந்தாள்.

"அந்தத் தட்டை என்ன செஞ்சிய?"

"நான்தான் தின்னேன்" என்றாள் மாரி. "உன் பேரைச் சொல்லி, ஒரு பருக்கை விடாம."